வெளிச்சம் எரியும் ஹெட்போன் பன்னிரண்டு

ஹெட்போன் விற்பது என்பது, வீட்டில் யாருடைய சத்தம் தனக்குப் பிடிக்கவில்லை என்பதை வாடிக்கையாளரின் வாயாலேயே சொல்லவைக்கிற தொழில். "ஐயாயிரத்துக்குள்ள நல்லதா ஒண்டு" என்று கேட்டபடி வருகிறவர் இரண்டாவது நிமிடத்தில் மைத்துனரைப் பற்றிச் சொல்வார். மூன்றாவது நிமிடத்தில் பக்கத்து வீட்டு மா அரைக்கிற மில்லைப் பற்றிச் சொல்வார். நான்காவது நிமிடத்தில் நாலாயிரத்துக்குத் தரமுடியுமா என்று கேட்பார்.

இந்தத் தொழிலுக்கு நான் வந்தது அறுபது வயது கடந்த பிறகு. அதற்கு முன் நாற்பது வருடம் நேரெதிரான வேலை பார்த்தேன். ஓட்டோக் கூரையில் ஹோர்ன் ஒலிபெருக்கி கட்டி, கேட்க விரும்பாதவர்களின் காதிலும் நியாயத்தை ஏற்றினேன். அந்த ஹோர்னுக்குக் கீழே உட்கார்ந்து உட்கார்ந்து வலது காது போய்விட்டது. மிச்சமிருக்கும் இடது காதை வைத்துக்கொண்டுதான் மன்னார் சனத்துக்கு ஹெட்போன் தெரிவு செய்து கொடுக்கிறேன். பள்ளிக்கூடம் எனக்கு எட்டாம் வகுப்போடு முடிந்தது. மீதிப் படிப்பு முழுவதும் துண்டுப்பிரசுரம். மலிவான தாளின் ஒரு பக்கத்தில் உலகம் ஏன் இப்படி இருக்கிறது என்று இருக்கும், மறுபக்கத்தில் கூட்டம் எத்தனை மணிக்கு என்று இருக்கும். அதைவிடத் தெளிவான பாடப்புத்தகத்தை நான் இன்னும் காணவில்லை. எங்கள் கட்சி மூன்றாக உடைந்தது. மூன்றும் என்னை விலக்கின. ஆனாலும் உப்புக்குளத்திலிருந்து கீரி வரை எல்லோரும் என்னைத் 'தோழர்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். சிலர் மரியாதைக்கு, பலர் சீண்டிச் சொறிவதற்கு.

கடையில் நின்றே கால் வீங்கிப்போன என் இனத்தாரே, உங்களுக்கு இதெல்லாம் புதிதாக இராது. ஆனாலும் சொல்கிறேன்.

கெடு

எங்கள் கடை பஸ் நிலையத்துக்குக் கிட்ட. முதலாளி ஜெறோம் என்னைவிட இருபது வயது இளையவர். போன் திருத்தும் மேசையில் றிஸானா இருப்பார். அவருக்கு முன்னால் எந்தப் போனும் பொய் சொல்லாது. மனிதர்களும் குறைவாகத்தான் சொல்வார்கள். போன வருடம் ஜெறோம் கொழும்புக்குப் போய் ஒரு பெட்டி ஹெட்போன் இறக்கினார். மொத்தம் பன்னிரண்டு, எல்லாம் வயரில்லாதவை. காது மூடியின் வெளிப்பக்கத்தில் சிவப்பும் நீலமுமாக லைட் எரியும். போடுகிறவருக்கு அந்த லைட் தெரியாது. எதிரில் இருப்பவருக்குத்தான் தெரியும். விலை எட்டாயிரத்து ஐந்நூறு. அதே அலுமாரியின் கீழ்த்தட்டில் வயர் போட்ட வெறும் கறுப்பு ஹெட்போன் இருந்தது. விலை நாலாயிரத்து ஐந்நூறு. என் ஒற்றைக் காதுக்கே வித்தியாசம் தெரிந்தது. கறுப்பில் பாடகர் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. லைட்டில் தண்ணீர்த் தாங்கிக்குள் யாரோ உலக்கை இடிப்பதுபோலக் கேட்டது.

கேட்டவர்களுக்கெல்லாம் நான் கறுப்பையே எடுத்துக் கொடுத்தேன். இரண்டு மாதமாகியும் லைட் ஒன்றும் அசையவில்லை. ஒருநாள் ஜெறோம் கதிரையை எனக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் நல்ல செய்தி இருந்ததே இல்லை. "தோழர், எங்கட கோயில் திருநாள் கொடியேற்றத்துக்கு முன்னம் இந்தப் பன்னிரண்டும் போகவேணும். போகாட்டி நீங்கள் போகவேணும்."

கை நிறுவை

இந்தக் கரையில் எதையும் கையில் தூக்கித்தான் வாங்குவார்கள். மீன், தேங்காய், பூட்டு, டோர்ச் லைட் எல்லாவற்றுக்கும் கைதான் தராசு. பாரமானது அசல், பாரமில்லாதது போலி. மூன்று படகு வைத்திருக்கும் சம்மாட்டி ஒருவர் வந்தார். கடலால் வந்து பகலில் கண்ணயரும் நேரத்தில் அடுத்த வளவில் மாடிவீடு கட்டுகிறார்களாம். இடது கையில் கறுப்பையும் வலது கையில் லைட்டையும் வைத்து, அறுக்குளா மீன் பார்ப்பதுபோல ஏற்றி இறக்கிப் பார்த்தார். "இதில ஒண்டுமில்லை, காத்து மாதிரிக் கிடக்கு" என்று கறுப்பைக் கீழே வைத்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. தலையில் போடுவதற்குப் பாரமில்லாததுதான் நல்லது, அரை மணித்தியாலத்தில் கழுத்தே தீர்ப்புச் சொல்லும் என்றேன். அவர் நம்பவில்லை. பெட்டி வருவதற்கு முன்பு மாதிரிக்கு வந்த லைட் ஹெட்போன் ஒன்று மூன்றே வாரத்தில் செத்து றிஸானாவின் மேசையில் கிடந்தது. "அதைக் கழற்றிக் காட்டுங்கோ" என்றேன். றிஸானா நாலு திருகாணியைக் கழற்றி மூடியைத் திறந்தார். உள்ளே கொட்டைப்பாக்கு அளவில் ஒரு ஒலிக்கருவி. அதற்குப் பக்கத்தில் பசை வைத்து ஒட்டிய ஒரு இரும்புத் துண்டு. எந்த வயரும் அதைத் தொடவில்லை. அதற்கு ஒரு வேலையும் இல்லை. கையில் தூக்கிப் பார்க்கிறவரை ஏமாற்றவே அதை வைத்திருந்தார்கள். மறுபக்கத்திலும் அப்படியே ஒன்று.

சுரண்டலை இவ்வளவு சுலபமாகக் கையில் எடுத்துக் காட்டுவதற்கு நாற்பது வருடத்தில் எனக்கு ஒரு தடவையும் வாய்த்ததில்லை. இரும்பைச் சம்மாட்டியின் உள்ளங்கையில் வைத்து, ஐந்து நிமிடம் பேசினேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், நகத்தால் சுரண்டினார், சாவிகள் தொங்கிய தன் திறப்புக்கோர்வையில் இருந்த காந்தத்தை அதில் ஒட்ட வைத்தார். பிறகு லைட் ஹெட்போனுக்குக் காசை எடுத்து வைத்துவிட்டுச் சொன்னார்: "இரும்பாவது அசல்தானே, தோழர்."

பாட்டில்லாமல்

கந்தோரில் இருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவரும் மனைவியும் வந்தார்கள். பெரியவருக்கு எழுபதுக்கு மேல். அந்த அம்மாவுக்கு ஓரிரு வயது குறைவாக இருக்கலாம். பெரியவருக்குச் செய்தி கேட்க ஹெட்போன் வேண்டுமாம். நான் வழக்கம்போல என் முறையை ஆரம்பித்தேன். முதலில் காது முழுவதும் மூடிக்குள் போகவேண்டும், மூடி காதுமடலில் ஏறி உட்காரக்கூடாது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றாமல் போட்டுப் பார்க்கவேண்டும், இல்லாவிட்டால் வீட்டில் கண்ணாடிக் காம்பு பொட்டில் குத்தும். குறைந்தது பத்து நிமிடம் கடையிலேயே போட்டபடி இருக்கவேண்டும். ஒரு நிமிடத்துக்கு எல்லா ஹெட்போனும் நல்ல ஹெட்போன்தான். தேர்தல் வாக்குறுதியும் அப்படித்தான்.

பெரியவர் பொறுமையில்லாதவர். "நீ போட்டுப் பார்" என்று கறுப்பை மனைவியின் தலையில் மாட்டிவிட்டு, தன் ஓய்வூதியக் கோவை எந்தக் கந்தோரில், எந்த மேசையில், எந்த எழுதுவினைஞரால் மறிக்கப்பட்டது என்பதை எனக்கு விபரமாகச் சொல்லத் தொடங்கினார். அம்மா ஸ்டூலில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். நான் மரியாதைக்குத் தலையாட்டினேன். பத்து நிமிடம் கழிந்தது. வயரின் மறுமுனை எதிலும் பொருத்தப்படாமல் மேசையில் கிடப்பதை அப்போதுதான் கண்டேன். பதறிப்போய் அதைப் போனில் செருகப் போனேன். அம்மா கண்ணைத் திறக்காமலே என் கையைத் தட்டிவிட்டார். "பாட்டு வேண்டாம் தம்பி, இப்பிடியே நல்லாயிருக்கு."

துவாரம்

செல்வமலர் இலுப்பைக்கடவையில் இருந்து வந்தவர். மலையகத்தில் இருந்து இறங்கி அங்கே குடியேறிய குடும்பம், கணவர் கூலிவேலை. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு இணையத்தில் தமிழ் படிப்பிக்கும் வேலைக்கு அவரை இரண்டு வாரம் சோதனைக்கு எடுத்திருந்தார்கள். வீட்டுக்குத் தகரக் கூரை. பக்கத்தில் மா மில். இரைச்சலுக்குள் படிப்பிக்க முடியாவிட்டால் வேலை இல்லை என்று சொல்லியிருந்தார்களாம். கையில் ஐயாயிரம் ரூபாய் வைத்திருந்தார். இப்படி ஒருவருக்குத்தானே நாம் கடை திறந்து வைத்திருக்கிறோம். கறுப்பை எடுத்து வைத்து, வயரின் மேன்மை பற்றி ஒரு உரை நிகழ்த்தினேன். வயருக்குச் சார்ஜ் வேண்டாம், பாடம் நடுவில் பற்றறி சாகாது, வாய் முன்னும் சத்தம் பின்னுமாக வராது, வயரிலேயே மைக் இருக்கிறது, வயர் மறைப்பதற்கு ஒன்றும் வைத்திருப்பதில்லை. அவர் இரண்டு தடவை வாய் திறந்தார். நான் கையைக் காட்டி, முடித்த பிறகு கேளுங்கோ என்றேன். அவர் வாங்கிக்கொண்டு ஓடினார். மனதுக்குள் எனக்கு நானே கைதட்டிக்கொண்டேன்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் வந்து நின்றார். ஹெட்போன் வயரைச் செருகுவதற்கு அவருடைய போனில் துவாரமே இல்லை. இப்போது வருகிற போன்கள் பலவற்றில் இல்லைதான். போனைக் காட்டுங்கோ என்று முதலில் கேட்டிருக்க வேண்டியவன் நான். றிஸானா மேசை லாச்சியைத் திறந்து, விரல் நீளத்தில் ஒரு இணைப்பு வயரை எடுத்துச் செருகி, பேசிப் பார்த்து, காசு வாங்காமல் கொடுத்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்குப் பதிலாக ஒரு தண்டப்பணமே கட்டியிருப்பேன். "ஏம்மா நேற்றே சொல்லவில்லை?" என்று செல்வமலரிடம் கேட்டேன். "நீங்க பேசி முடிச்சதும் கேக்கலாம்னுதான் நின்னேன் ஐயா, அதுக்குள்ள பஸ் வந்துருச்சு."

அண்ணாவியாரின் குரல்

கொடியேற்றத்துக்கு மூன்று வாரம் இருந்தது. லைட் ஹெட்போன் பதினொன்று இருந்தது. அப்போது ஒரு கிறிஸ்தவக் கோயிலின் பாடகர் குழுத் தலைவர் வந்தார். எல்லோருக்கும் அவர் அண்ணாவியார். ஒத்திகையில் போனில் பதிந்ததை வீட்டில் கேட்டு யார் பிசகுகிறார்கள் என்று பிடிக்கவேண்டுமாம். நான் மகிழ்ந்துபோனேன். ஹெட்போன் வாங்கும்போது கடைக்காரர் போட்டுக் காட்டும் பாட்டைக் கேட்டு வாங்கக்கூடாது. எல்லாப் பொருளையும் அழகாக்கிக் காட்டுவதற்கென்றே பொறுக்கி வைத்த பாட்டு அது. தனக்கு நன்றாகப் பழகிய ஒன்றை, சத்தத்தைப் பாதிக்கு இறக்கிக் கேட்கவேண்டும். அண்ணாவியார் தானாகவே அதைத்தான் செய்தார்.

கறுப்பைப் போட்டார். ஆண்குரல்கள் வந்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தார். பின்னுக்கு இழுத்துத் திரும்பக் கேட்டார். மூன்றாம் முறையும் கேட்டார். "ஒருத்தன் கீழ போறான்" என்றார், உற்சாகமாக. "ஆர் எண்டு பிடிச்சிட்டா..." என்று நான்காம் முறை போட்டவர், பிடித்துவிட்டார். ஹெட்போனை மெதுவாகக் கழற்றி மேசையில் வைத்து, இருபது வருடப் பாடகர் குழுவை மனதில் ஓட்டிப் பார்ப்பவர்போலத் தெருவைப் பார்த்தார். பிறகு லைட் ஹெட்போனைப் போட்டு அதே பாட்டைக் கேட்டார். உலக்கை இடித்தது, எல்லாக் குரலும் ஒன்றாகக் குழைந்தது. அவர் முகம் தெளிந்தது. "இதைக் கட்டித் தாங்கோ தோழர். மற்றதில என்ர குரல் சரியாக் கேட்குது."

ஏழு காரணங்கள்

பத்து இருந்தது, பத்து நாளும் இருந்தது. ஜெறோம் இன்னுமொருமுறை கதிரையை இழுத்துப் போட்டு எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். எழுத்து வேலை தெரிந்த ஆள்தானே, லைட் ஹெட்போனைப் புகழ்ந்து ஒரு நோட்டீஸ் எழுதித் தாங்கோ, ஐந்நூறு அடிப்போம் என்றார். சொல்லிவிட்டுச் சரக்கு எடுக்க மூன்று நாளைக்குக் கொழும்பு போனார். அன்று பகல் முழுவதும் பேனையோடு இருந்தேன். ஒரு வரி வரவில்லை. என் வாழ்நாளில் எதையும் புகழ்ந்து நான் எழுதியதில்லை, கை பழகவில்லை. அதோடு, அறுபத்து மூன்று வயதில் இந்த வேலை போனால் இன்னொரு கடை என்னை எடுக்காது என்பதும் எனக்குத் தெரியும். வீட்டு வாடகை அதைவிட நன்றாகத் தெரியும். ஆனால் எட்டாயிரத்து ஐந்நூறுக்கு இரும்பை விற்றுத்தான் நிற்கவேண்டுமென்றால், போவதே மேல் என்று முடிவெடுத்தேன். போகிற ஆள் கௌரவமாகப் போகவேண்டும் அல்லவா?

எழுதினேன். 'லைட் எரியும் ஹெட்போனை ஏன் வாங்கக்கூடாது: ஏழு காரணங்கள்.' இரும்பு பற்றி எழுதினேன். போடுகிறவருக்குத் தெரியாத லைட் போடுகிறவரின் பற்றறியைக் குடிப்பதை எழுதினேன். றெக்சின் மூடி மன்னார் வெக்கையில் வியர்த்து, ஆறு மாதத்தில் கருவாட்டுத் தோலாக உரிந்து காதில் ஒட்டும், துணி மூடி உள்ளதையோ மூடியை மாற்றக்கூடியதையோ பாருங்கள் என்று எழுதினேன். காதைக் கவ்வுகிற இறுக்கம், உலக்கைச் சத்தம், மாற்றமுடியாத பற்றறி எல்லாம் வந்தன. ஏழாவதாக, உங்கள் போனில் துவாரம் இருக்கிறதா என்று பாருங்கள் என்று எழுதினேன். அது லைட் ஹெட்போனின் குற்றமல்ல, என் குற்றம். ஆனால் ஆறு காரணத்தோடு நிற்கும் துண்டுப்பிரசுரத்தை யாரும் மதிப்பதில்லை. கீழே கடையின் பெயரையும் போட்டேன். சொந்தக் காசில் போட்டோக்கொப்பி எடுத்து, கடைக் கண்ணாடியில் ஒன்றை ஒட்டிவிட்டு, மிச்சத்தை பஸ் நிலையத்திலும் மீன் சந்தையிலும் கொடுத்தேன். கை பழைய வேகத்தில் ஓடியது. வாங்க மறுத்துக் கையைப் பின்னுக்குக் கட்டுகிறவரின் சட்டைப்பையில் வைப்பது எப்படி என்பதைக்கூட அது மறந்திருக்கவில்லை.

திரும்பி வந்து றிஸானாவுக்கும் ஒன்று கொடுத்தேன். அவர் இரண்டு தரம் வாசித்தார், மடித்தார், போன் மூடியொன்றின் கீழ் வைத்தார். "எழுத்து நல்லாயிருக்கு" என்றார். பிறகு உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கண்ணில் இருந்து எடுக்காமலே கேட்டார்: "தோழர், நீங்கள் எதிர்த்து நோட்டீஸ் அடிச்ச எந்த ஆள் இதுவரைக்கும் தோத்தவர்?"

மக்கள் திரண்டது

அடுத்த நாள் கடை திறக்கும்போதே நாலுபேர் நின்றார்கள். "இரும்பு வைச்ச ஹெட்போன் எங்க?" என்று கேட்டார்கள். நான் நோட்டீஸை வாசித்தீர்களா என்று கேட்டேன். ஓம், வாசிச்சுத்தான் வந்தனாங்கள் என்றார்கள். ஒருவர் ஏழு குறையையும் ஒவ்வொன்றாகக் கையில் தொட்டுப் பார்த்து, எல்லாம் சொன்னபடியே இருக்கு, பொய்யில்லை என்று திருப்தியோடு வாங்கினார். தன் பொருளின் குறையைத் தானே எழுதி ஒட்டுகிற கடை இந்த ஊரில் வேறு இல்லையாம். அந்த நேர்மைக்காக இன்னொருவர் வாங்கினார். தங்கச்சியின் கணவருக்குப் பரிசு கொடுக்கவென்று ஒருவர் வாங்கினார். அவருக்கு அந்த மனிதர்மேல் என்ன கோபம் என்று நான் கேட்கவில்லை. இவ்வளவு குறையிருந்தும் எட்டாயிரத்து ஐந்நூறு சொல்கிறார்கள் என்றால் உள்ளே ஏதோ இருக்கவேண்டும் என்று ஒருவர் வாதிட்டார். அந்த வாதத்தை நான் அரசியலில் பலமுறை கேட்டிருக்கிறேன், ஒருமுறையும் வென்றதில்லை. இரண்டு நாளில் பத்தும் போயிற்று. பத்தாவதை விற்கமாட்டேன் என்று மறித்துப் பார்த்தேன். கேட்டு வந்தவர் விலையைக் கூட்டித் தந்தார்.

மூன்றாம் நாள் செல்வமலர் வந்தார். சோதனை முடிந்து வேலை நிரந்தரம். மா மில் ஓட ஓட, கனடாவில் ஒரு பிள்ளைக்கு 'ழ' வந்துவிட்டதாம். கூட இரண்டு பெண்கள். அவர்களையும் சோதனைக்கு எடுத்திருக்கிறார்கள். மூவர் கையிலும் என் துண்டுப்பிரசுரம். உள்ளே வந்ததும் முதல் வேலையாக இரண்டு பெண்களும் தங்கள் போனைத் தலைகீழாக்கித் துவாரத்தைக் காட்டினார்கள். நாற்பது வருடத்தில் நான் எழுதியதை எழுதியபடி செய்த முதல் இரண்டு பேர். கறுப்பை எடுக்கக் கீழ்த்தட்டைத் திறந்தேன். வெறும் தட்டு. லாபம் குறைவு என்று ஜெறோம் அதை மறுபடி எடுப்பித்திருக்கவில்லை.

அந்த நேரத்தில்தான் ஜெறோம் கொழும்பால் வந்து இறங்கினார். வெறும் மேல்தட்டைப் பார்த்தார், கண்ணாடியில் ஒட்டியிருந்த நோட்டீஸை முழுவதும் வாசித்தார். நான் என் சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துப் பையில் வைத்தேன். அவர் வந்து என் தோளில் கை வைத்தார். நாளைக்கு இன்னும் இரண்டு பெட்டி லைட் வருகிறது, அதற்கும் எதிர்த்து எழுதித் தாங்கோ, இன்னும் கடுமையாக எழுதுங்கோ என்றார். எழுதுகிறேன், ஆனால் ஒரு நிபந்தனை என்றேன். கறுப்பு ஒரு பெட்டியும் வரவேண்டும், இந்த இரண்டு பேருக்கும் நாளைய பஸ்ஸில் அனுப்பவேண்டும். ஜெறோம் "சரி" என்றார், அவ்வளவுதான். மறியல் இல்லை, உண்ணாவிரதம் இல்லை. என் வாழ்நாளில் வென்ற முதல் கோரிக்கை ஒரு எழுத்தில் தொடங்கி மறு எழுத்தில் முடிந்துவிட்டது. பெருமை தாங்காமல், கறுப்பைப் பற்றியும் ஒரு நோட்டீஸ் எழுதப் போகிறேன் என்று அறிவித்தேன். றிஸானா வேலையை நிறுத்தி நிமிர்ந்தார். "அதை மட்டும் புகழ்ந்து எழுதிப் போடாதேங்கோ தோழர், பாவம், ஒண்டும் போகாது."

நாற்பது வருடம் எழுதிய கையால் கடைசியில் மக்களைத் திரட்டியே விட்டேன், அவர்கள் மறுபக்கத்தில் போய்த் திரண்டார்கள் என்பதைத் தவிர வேறு குறையில்லை.